டர்பைனின் கடிவாளம்



சுபாங் ஜெயா என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவன கடைத்தொகுதிகளும் கல்லூரிகளும் அடுக்குமாடி வீடுகளுமே. 2020ஆம் ஆண்டில் அந்நகர் மாநகர் என்னும் தகுதியையும் பெற்றது. ஆனால், நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் அந்த மண்ணுக்கு வேறொரு பெயர் சொல்வார்கள். சீபீல்ட் தோட்டம் என்பதே அப்பெயர். பால்மரமும் செம்பனையும் நின்ற தோட்டம் அது. 1976ஆம் ஆண்டில்தான் அங்கே நகரம் எழத் தொடங்கியது. தோட்டத்தின் பெயரைத் தமிழ்ப்பள்ளி இன்றும் தாங்கி நிற்கிறது.

அந்நாளில் தோட்ட லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு மின்சாரம் எளிதாகக் கிடைக்கவில்லை. பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரமே விளக்கு எரியும். இஞ்சின் அறையில் இயந்திரத்தை நிறுத்தியதும் லயம் முழுவதும் இருண்டுவிடும். எரிகிற நேரத்தில் விளக்கு மங்கி மங்கி ஒளிர்ந்தால், படுத்திருக்கும் பெரியவர், "இஞ்சின் சரியாக ஓடவில்லை" என்று சொல்லிவிடுவார். அவர் மின்னியல் படித்தவர் அல்லர். ஆயினும் அவர் சொன்னது சரி. இயந்திரத்தின் வேகம் ஏறி இறங்கினால் விளக்கின் ஒளியும் ஏறி இறங்கும். அந்த வேகத்தை ஒரே நிலையில் பிடித்து வைக்கும் கருவிக்குக் கவர்னர் என்று பெயர். வண்டி மாட்டுக்கு மூக்கணாங்கயிறும் குதிரைக்குக் கடிவாளமும் எப்படியோ, இயந்திரத்துக்குக் கவர்னர் அப்படி.

மின்நிலையங்களிலும் செம்பனை ஆலைகளிலும் இன்று அந்தக் கடிவாளம் மின்னணுக் கார்டுகளாக மாறிவிட்டது. அந்த மாற்றம் எப்படி நேர்ந்தது? கார்டு பழுதுபட்டால் என்ன செய்கிறார்கள்? அதில் நம் பிள்ளைகள் கற்க வேண்டியது என்ன? இவற்றையே இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில், கடிவாளம் ஏன் வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வோம். டர்பைன் என்பது சுழலி. உருளை ஒன்றைச் சுற்றித் தகடுகள் வரிசை வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். நீராவியோ எரிவாயுவின் சூடான புகையோ வேகமாகப் பாயும் நீரோ அவற்றின் மேல் மோதும்போது உருளை சுழலும். அதனோடு இணைந்த ஜெனரேட்டர் மின்சாரம் தரும். நம் நாட்டில் மின்சாரம் விநாடிக்கு 50 முழு அலைகளாக முன்னும் பின்னும் திசை மாறி வருகிறது. ஆகவே, பெரிய மின்நிலையத்தின் நீராவி டர்பைன் விநாடிக்கு 50 முறை, அதாவது நிமிடத்துக்கு 3,000 முறை சுழல வேண்டும்.

பாரம் ஏற்றிய மாட்டு வண்டி மேட்டில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாடுகள் முழுப் பலத்துடன் இழுக்கின்றன. திடீரென்று பாரம் முழுதும் பின்னால் சரிந்து விழுந்துவிட்டால் வண்டி எப்படிப் பாயும்! டர்பைனுக்கும் அந்த நிலை வருவதுண்டு. மின்கம்பி அறுந்தோ சுவிட்சு துண்டித்தோ பாரம் நீங்கிவிட்டால், உள்ளே வரும் நீராவி முழுவதும் வேகத்தைக் கூட்டுவதற்கே பயன்படும். நீராவி வால்வு உடனே மூடாவிட்டால் சில விநாடிகளில் வேகம் அபாய எல்லையைத் தாண்டும். தகடுகள் பிய்த்துக்கொண்டு இரும்புக் கூட்டையும் துளைத்து வெளியேறலாம். அருகில் நிற்பவர் உயிர் தப்புவது அரிது.

இந்த ஆபத்தை முன்னோர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். 1788ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தில் இரண்டு இரும்புக் குண்டுகளைப் பொருத்தினார். இயந்திரத்தோடு சேர்ந்து குண்டுகளும் சுழலும். வேகம் கூடினால் குண்டுகள் ராட்டினத் தொட்டிகளைப் போல விலகி உயரும்; அந்த அசைவு ஒரு நெம்புகோலை இழுத்து நீராவியைக் குறைக்கும். வேகம் தணிந்தால் குண்டுகள் தாழும், நீராவி கூடும். மனிதக் கை படாமலே இயந்திரம் தன்னைத் தானே அடக்கிக்கொண்டது.

1884ஆம் ஆண்டில் சார்லஸ் பார்சன்ஸ் என்னும் பொறியாளர் நீராவி டர்பைனைச் செய்து மின்சாரம் எடுத்தார். அந்த முதல் டர்பைன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 18,000 முறை சுழன்றது. அதற்கு வேண்டிய கடிவாளம் இன்னும் துல்லியமானதாக இருக்க வேண்டியதாயிற்று. பெரிய டர்பைன்களின் வால்வைத் தள்ளக் குண்டின் பலம் போதாது. ஆகவே, குண்டு சிறிதளவே அசைந்து எண்ணெய்க்கு வழி திறந்துவிடும். அழுத்தத்துடன் பாயும் எண்ணெய் வால்வை அசைக்கும். இந்த முறையே பல பத்தாண்டுகள் உலகெங்கும் நிலவியது.

இங்கே நம் நாட்டு வரலாற்றையும் சேர்த்துப் பார்ப்போம். பார்சன்ஸின் டர்பைன் தோன்றிப் பத்தே ஆண்டுகளில், 1894இல், ராவாங் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. அதைக் கொண்டு வந்தவர்கள் லோக் யூவும் கா. தம்புசாமி பிள்ளையும் ஆவர். பத்துமலை முருகன் கோயிலைத் தோற்றுவித்த அதே தம்புசாமி பிள்ளைதான். மலாயாவில் மின்சாரம் தொடங்கிய வரலாற்றிலேயே ஒரு தமிழரின் பெயர் இருப்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

பின்னர், பிரிக்பீல்ட்ஸுக்கு அடுத்த பங்சாரில் 1927ஆம் ஆண்டில் நிலக்கரியால் இயங்கும் மின்நிலையம் எழுந்தது. 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. கிள்ளான் ஆற்றங்கரையில் கன்னாட் பிரிட்ஜ் மின்நிலையம் 1953இல் திறக்கப்பட்டது. வாரியம் 1965இல் தேசிய மின்சார வாரியம் என்றும், 1990இல் தெனாகா நேஷனல் என்றும் ஆனது.

தோட்டத்துக்கு நெருக்கமான டர்பைன் இன்னொன்று உண்டு. அது செம்பனை ஆலையில் இருக்கிறது. நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் கோல சிலாங்கூர் வட்டாரத்தில், தென்னமரம் தோட்டத்தில் தொடங்கப்பட்டது. 1960களுக்குப் பிறகு பால்மரம் நின்ற பல தோட்டங்களில் செம்பனை வந்தது, ஆலைகளும் பெருகின. ஆலையில் பழத்தைப் பிழிந்த பின் மிஞ்சும் நாரும் ஓடுமே பாய்லருக்கு விறகு. அதில் உண்டாகும் நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றி ஆலைக்கும், பல இடங்களில் லயத்துக்கும் மின்சாரம் தருகிறது. டர்பைனை விட்டு வெளியேறும் நீராவி வீணாவதில்லை. அது பழக்குலைகளை அவிக்கச் செல்கிறது. ஒரே நீராவிக்கு இரண்டு வேலை!

இந்த ஆலைகளில் பாய்லர்மேனாகவும் இஞ்சின் டிரைவராகவும் பிட்டராகவும் நம்மவர் பலர் வேலை செய்தனர். அவர்கள் டர்பைனைக் காதால் அறிந்தனர். ஓசை மாறினால் கண் விழிப்பர். தாங்கியின் மேல் கை வைத்துச் சூட்டை அறிவர். குண்டுக் கவர்னரின் அசைவைக் கண்ணால் காணலாம்; தேய்ந்த முளையைக் கையால் தொடலாம். பழுது கண்ணுக்குத் தெரிந்த காலம் அது.

பிறகு வந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. 1947ஆம் ஆண்டில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. வானொலிப் பெட்டியைக் கைக்குள் அடங்கச் செய்த அதே பொருள்தான் டர்பைன் அறைக்குள்ளும் நுழைந்தது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஸ்பீட்ரானிக் என்னும் மின்னணுக் கட்டுப்பாட்டைத் தன் எரிவாயு டர்பைன்களில் பொருத்தியது. இரும்புக் குண்டுகளின் இடத்தில் ஒரு பற்சக்கரமும் அதன் அருகே ஒரு காந்தச் சுருளும் வந்தன. ஒவ்வொரு பல் கடக்கும்போதும் சுருளில் ஒரு மின்துடிப்பு எழும். சக்கரத்தில் 60 பற்கள் இருந்து, டர்பைன் விநாடிக்கு 50 முறை சுழன்றால், விநாடிக்கு 3,000 துடிப்புகள் வரும். இத்துடிப்புகளை எண்ணி, வேகம் கூடிற்றா குறைந்ததா என்று கணித்து, வால்வுக்குக் கட்டளை அனுப்புவதே கார்டின் வேலை.

கார்டு என்று வேலையாட்கள் சொல்வது மின்சுற்றுப் பலகையை. பாடநூல் அளவுள்ள ஒரு பலகையில் செம்புக் கோடுகள் அச்சிடப்பட்டு, அவற்றின் மேல் சிறு சிறு உறுப்புகள் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். அலமாரியில் புத்தகங்களை அடுக்கியது போல இக்கார்டுகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். ஒன்று வேகத்தை அளக்கும். ஒன்று வெப்பத்தைக் கவனிக்கும். ஒன்று வால்வை நடத்தும். ஒன்று மற்றவற்றுக்கு மின்சாரம் ஊட்டும். அக்கால்கட்டத்தில்தான், 1970களில், சுபாங் ஜெயாவுக்கு அருகிலுள்ள சுங்கை வே வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. பல இனத்துப் பெண்களும் அங்கே அமர்ந்து நுண்ணிய உறுப்புகளை இணைத்தனர். பால் வெட்டப் போன தாயின் மகள், கண்ணாடி வழியாகப் பார்த்துக் கம்பி கோக்கும் வேலைக்குச் சென்ற காலம் அது.

ஒரு கார்டு பொய் சொன்னால் என்ன செய்வது? இக்கேள்விக்கு 1980களின் தொடக்கத்தில் ஒரு விடை வந்தது. ஸ்பீட்ரானிக் வரிசையின் நான்காம் வகையில், ஒரே வேலைக்கு மூன்று கணினிகளை வைத்தனர். மூவரில் இருவர் சொல்வதே முடிவு. ஊர்ப் பஞ்சாயத்தைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று பழுதுபட்டாலும் டர்பைன் நிற்காது; தவறாகவும் ஓடாது. 1991இல் வந்த ஐந்தாம் வகையிலும் இம்முறை தொடர்ந்தது. சிறிய டர்பைன்களுக்கோ, 1870ஆம் ஆண்டில் நீர்ச்சக்கரக் கவர்னர் செய்து தொழில் தொடங்கிய வுட்வர்ட் நிறுவனம் போன்றவை, ஒரே பெட்டிக்குள் அடங்கும் எண்முறைக் கவர்னர்களைச் செய்து அளித்தன.

இனி, கார்டு பழுதுபடும் கதைக்கு வருவோம். கார்டை மாற்றுவது எளிது. பழையதை இழுத்துப் புதியதைச் செருகச் சில நிமிடங்கள் போதும். இந்த எளிமையே ஒரு கெட்ட பழக்கத்தையும் கொண்டு வந்தது. டர்பைன் நின்றால் உடனே கார்டை மாற்று என்பதே அப்பழக்கம்.

ஓர் ஆலையில் இரவு வேலையின்போது டர்பைன் நின்றுவிட்டது என்று கொள்வோம். 'வேகத் துடிப்பு வரவில்லை' என்று பேனல் காட்டுகிறது. அவசரக்காரர் வேகக் கார்டை மாற்றுகிறார். டர்பைன் ஓடுகிறது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. இரண்டு மணி நேரத்தில் மீண்டும் நிற்கிறது. இன்னொரு கார்டும் மாற்றப்படுகிறது. விடிந்த பிறகு அனுபவமுள்ள ஒருவர் வந்து பார்க்கிறார். காந்தச் சுருளிலிருந்து வரும் கம்பி சூடான குழாய் ஒன்றின் மேல் உரசிக் கிடக்கிறது. அதன் மேலுறை உருகிவிட்டது. இரண்டு கார்டுகளிலும் ஒரு குறையும் இல்லை! இதற்கிடையில் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. செம்பனைப் பழத்தைப் பறித்த 24 மணி நேரத்துக்குள் அவிப்பது நல்லது. தாமதித்தால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் குறையும். டீசல் இஞ்சினைக் கொண்டு சமாளிக்கலாம். ஆனால் செலவு ஏறும். ஒரு கம்பியைப் பார்க்காமல் விட்டதன் விலை இது.

ஆகவே, முறையாகப் பழகியவர் முதலில் கார்டைத் தொடுவதில்லை. பேனல் பதிந்து வைத்த எச்சரிக்கைகளில் முதலில் வந்தது எது என்று பார்ப்பார். பின்னால் வந்தவை பெரும்பாலும் அதன் விளைவுகளே. அடுத்து, கார்டுகளுக்கு ஊட்டப்படும் மின்சாரம் சரியான அளவில் உள்ளதா என்று மீட்டரால் அளப்பார். உருகிக் கம்பி, இணைப்புத் திருகு, தட்டைக் கம்பி, நிலக்கசிவு, வெளியிலுள்ள உணர்கருவி ஆகியவற்றை வரிசையாகச் சோதிப்பார். மூன்று கணினிகள் இருந்தால் மூன்றின் அளவுகளையும் ஒப்பிடுவார். இவை எல்லாம் சரி என்று தெளிந்த பின்னரே கார்டின் மேல் ஐயம் கொள்வார்.

நம் நாட்டுத் தட்பவெப்பமும் கார்டுகளுக்குப் பகைதான். அலமாரியின் குளிர்சாதனம் கெட்டால் வெப்பம் ஏறும். கார்டிலுள்ள மின்தேக்கி என்னும் உறுப்பு, வெப்பம் 10 பாகை கூடினால் ஏறத்தாழப் பாதி ஆயுளை இழக்கும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. குளிர்ந்த அலமாரியை ஈரக் காற்றில் திறந்து வைத்தால் கார்டின் மேல் நீர் கோக்கும். கம்பி நுழையும் ஓட்டையை அடைக்காமல் விட்டால் எறும்பும் பல்லியும் குடியேறும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி மின்னலுக்கோ குறைவில்லை. காரணத்தை நீக்காமல் கார்டை மட்டும் மாற்றினால் புதிய கார்டும் பழையதன் வழியே போகும்.

கார்டை மாற்றியே ஆக வேண்டும் என்றால் அதற்கும் ஒழுங்கு உண்டு. வேலை அனுமதி பெற வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும். மணிக்கட்டில் நிலக்கம்பிப் பட்டை அணிய வேண்டும். நம் உடலில் சேரும் நிலைமின்சாரம் நாம் உணராமலே நுண்ணிய உறுப்புகளை எரித்துவிடும். பழைய கார்டின் எண்ணும் அதன் இறுதியிலுள்ள திருத்த எழுத்தும் புதியதோடு பொருந்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய கார்டில் சிறு சுவிட்சுகளும் இணைப்பு முளைகளும் இருந்த நிலையை அப்படியே புதியதிலும் அமைக்க வேண்டும்.

இது ஏன் உயிர்ப் பிரச்சினை என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். டர்பைனின் சக்கரத்தில் இருப்பன 60 பற்கள். புதிய கார்டில் 120 பற்கள் என்று தவறாக அமைத்துவிட்டதாகக் கொள்வோம். டர்பைன் 3,000 சுற்று வேகத்தில் ஓடும்போது கார்டு அதை 1,500 என்றே எண்ணும். "வேகம் போதவில்லை" என்று நீராவியை மேலும் திறக்கச் சொல்லும். கடிவாளமே சாட்டையாக மாறிவிடும்.

அப்போது காப்பாற்றுவது எது? பழைய காலத்து இரும்புதான். டர்பைனின் தண்டுக்குள் வில்லால் பிடிக்கப்பட்ட ஒரு முளை இருக்கும். வேகம் சுமார் 10 விழுக்காடு மிஞ்சினால் அது வெளியே பாய்ந்து ஒரு நெம்புகோலைத் தட்டும், நீராவி அடைபடும். பல புதிய டர்பைன்களில் இவ்வேலையையும் தனி மின்னணுக் கருவி செய்கிறது. ஆயினும் விதி மாறவில்லை. வேகத்தை நடத்துபவர் வேறு, மிகைவேகத்தைத் தடுப்பவர் வேறாக இருக்க வேண்டும். மின்சாரமே அற்றுப் போனாலும் வால்வு தானாக மூட வேண்டும்.

இவ்விதி தவறினால் வரும் கேட்டை 2009ஆம் ஆண்டில் உலகம் கண்டது. ஆகஸ்டு 17ஆம் நாள் ரஷ்யாவின் சயானோ-சுசென்ஸ்கயா நீர்மின் நிலையத்தில், அளவு மீறி அதிர்ந்துகொண்டிருந்த இரண்டாம் டர்பைனின் மூடி பெயர்ந்து எழுந்தது. வெள்ளம் புகுந்து நிலையத்தின் மின்சாரம் போயிற்று. மின்சாரம் போனதும் நீர்வாயில்கள் பல தாமாக மூடிக்கொள்ளவில்லை. தொழிலாளர்கள் அணையின் உச்சிக்கு ஏறிக் கையால் மூட வேண்டியதாயிற்று. 75 பேர் மாண்டனர்.

நம் நாட்டின் அனுபவத்தையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். 1992 செப்டம்பர் 29ஆம் நாள் மின்னல் தாக்கியதாலும், 1996 ஆகஸ்டு 3ஆம் நாள் திரெங்கானுவின் பாக்கா மின்நிலையத்துக்கு அருகே மின்தடம் துண்டித்ததாலும் தீபகற்பம் முழுவதும் இருண்டது. 1996இல் ஒரு பக்கம் தொடங்கிய கோளாறு பரவி, மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மக்களுக்கு அது பெரும் தொல்லைதான். ஆயினும், டர்பைன்கள் தம்மைத் தாமே நிறுத்திக்கொண்டதால்தான் பின்னர் மீண்டும் ஓட முடிந்தது. இருட்டு சில மணி நேரத்தில் விலகும். சிதறிய டர்பைனைச் செய்ய ஆண்டுக் கணக்காகும்.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நமக்கு ஒன்று விளங்குகிறது. குண்டு போய்க் கார்டு வந்தது. ஆனால், காரணத்தைத் தேடும் மனிதர் இன்னும் வேண்டியிருக்கிறார். ஓசையைக் கேட்டுப் பழுதறிந்த பெரியவரின் கவனம், எச்சரிக்கைப் பதிவைப் படிக்கும் இளைஞருக்கும் தேவை. பல ஆலைகளில் இன்று ஓடும் கார்டுகளின் உற்பத்தி நின்றே போய்விட்டது. அத்தகைய இடங்களில், எந்தக் கார்டு எப்போது, எதனால் மாற்றப்பட்டது என்று எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் புதிய கார்டைக் காட்டிலும் விலை மிக்கது.

நம் பிள்ளைகளுக்கு இத்தொழில் எட்டாத ஒன்றன்று. தொழில் பயிற்சி நிலையங்களில் மின்னியலும் கருவியியலும் கற்று, மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். பாய்லரையும் நீராவி இயந்திரத்தையும் நடத்தத் தேர்வு எழுதித் தகுதி பெறலாம். வீட்டில் ஆலை வேலை செய்த தாத்தாவோ மாமாவோ இருந்தால், டர்பைன் நின்ற இரவுகளைப் பற்றி அவரிடம் கேட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். சீபீல்ட் தோட்டம் நகரமாகிவிட்டது. தோட்டத்தோடு அந்த அறிவும் மறைய வேண்டியதில்லை. அதை நம் வீட்டிலிருந்தே அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிக் கொடுக்கலாம்.